ஆய்வில் இருக்கும் பாலம்

கடுக்காப்பட்டு பாலத்தின் நடுத்துண்டு குருநானக் ஜெயந்தி அன்று இருக்காது. புத்த பூர்ணிமாவுக்கும் இருக்காது. மாட்டுப் பொங்கல், தைப்பூசம், தெலுங்கு வருடப் பிறப்பு நாட்களில் நடுத்துண்டு சமர்த்தாக அந்தரத்தில் நிற்கும், ரோட்டை ஒட்டிய துண்டு காணாமல் போயிருக்கும். சனி ஞாயிறில் இரண்டுமே கிடையாது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. ரோட்டுப் பக்கத்துத் துண்டு மாநில அரசு கட்டியது, நடுத்துண்டு மத்திய அரசு கட்டியது. ஆபீசுக்கு லீவு விட்டால் அந்தந்த ஆபீசின் பாலமும் லீவில் போய்விடும். குருநானக் யார் என்று கடுக்காப்பட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் அவர் பிறந்த நாளை ஒருவரும் மறந்ததில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் இரண்டு சர்க்காரின் லீவையும் பார்த்துத்தான் முகூர்த்தம் வைப்பார்கள். ஒரு தடவை தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய ஜீப் ஒன்று, ஆபீஸ் பூட்டுகிற நேரம் பார்த்து நடுத்துண்டில் நின்று தொலைத்தது. பாலத்தோடு ஜீப்பும் போயிற்று. லீவு முடிந்து திரும்பி வந்தபோது டிரைவர் கையில் இருந்த டீ இன்னும் சூடாகவே இருந்தது. ஊதிக் குடித்துவிட்டு, பாவம், தீபாவளி நாளைக்குத்தானே என்று கேட்டான்.

வெள்ளிமலையிலிருந்து ஜீப் போகிற மண் ரோடு ஈச்ச ஓடையின் இந்தப் பக்கம் முடிகிறது, கடுக்காப்பட்டு அந்தப் பக்கம் இருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையைவிட்டு அரசாங்கத்துக்கு வந்தது. அதுவரை வரி கேட்க ஒரே ஆள். அதன் பிறகு நல்லது செய்கிறேன் என்று இரண்டு சர்க்கார்கள் வந்தன, ஒன்று செய்ய வேண்டியதை மற்றது செய்யும் என்று இரண்டும் காத்துக்கொண்டிருந்தன. கடைசியில் ஆளுக்கொரு துண்டாகக் கட்டியும் பாலம் ஊர்க்கரையைத் தொடவில்லை. மிச்சம் இருந்த நாலெட்டு தூரத்துக்கு ஊராட்சி தன் வீட்டு வரிக் காசில் ஓடைக் கல்லை நிறுத்தி, மேலே பலகைக்கல்லைப் போட்டது. பார்க்கச் சகிக்காது. பெண்கள் அதன்மேல் துணி துவைத்தார்கள், சாமை காயவைத்தார்கள். அந்தக் குட்டித் துண்டு ஒரு நாளும் லீவில் போனதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஊராட்சி மன்றத் தலைவர் தைலம்மாள். கள்ளக்குறிச்சி புது மாவட்டமானதால் தள்ளிப்போய் நடந்த தேர்தலில் ஜெயித்தவள். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அதனால் தைலம்மாள் தலைவரானாள், அதனால் அவள் புருஷன் சடையன் தலைவர் வேலையைப் பார்த்தான். இதுவும் மர்மமில்லை, இந்தப் பக்கத்தில் நடக்கிற நடப்புதான். அவன் வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டான், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான், 'நான்தான் தலைவர்' என்று போனில் சொன்னான். கையெழுத்து மட்டும் அவனால் போட முடியாது. அதற்கு அவளை அடுப்படியிலிருந்து கூப்பிடுவான், அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, காட்டுகிற இடத்தில் போட்டுவிட்டுப் போவாள். சடையன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், ஆடு குட்டி போட்டால் முதல் சீம்பாலை அவளுக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பான். ஆனால் அவளிடம் எதையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை, அவளுக்கும் தோன்றியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியில் அகில இந்தியச் சிறுபாலங்கள் ஆணையம் என்று ஒன்று உண்டானது. ஒரு பாலத்துக்கு எதற்கு இத்தனை முதலாளி, எல்லாப் பாலத்தையும் எங்களிடமே ஒப்படையுங்கள், ஒரே லீவு, ஒரே பெயிண்ட், ஒரே கைப்பிடி என்றது ஆணையம். நல்ல யோசனையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. எலவனாசூர்கோட்டைக்காரரான மாநில அரசு இன்ஜினியர் டென்னிஸ், கிராம சபையில் தீர்மானம் போட்டு வாங்கிவர அனுப்பப்பட்டார். கிராம சபை கூடுவது காந்தி ஜெயந்தி அன்று. காந்தி ஜெயந்திக்கு இரண்டு சர்க்காரும் லீவு. ஆகவே பாலத்தைப் பற்றிப் பேச வந்த டென்னிஸ் பாலம் இல்லாமல் ரோட்டுப் பக்கமே நின்று, ஓடைக்கு அந்தாண்டை இருந்த ஜனங்களிடம் மைக்கில் பேசினார். இனிமேல் துண்டுதுண்டாக இருக்காது, வந்தால் முழுசாக வரும் என்றார். போனால் எப்படிப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. கடுக்காப்பட்டு மொத்தமும் கைதட்டியது. சடையன் காட்டிய இடத்தில் தைலம்மாள் கையெழுத்துப் போட்டாள். ஊராட்சியின் குட்டித் துண்டு மட்டும் ஒப்படைப்பில் சேரவில்லை. அதை டென்னிஸ் துணி துவைக்கிற கல் என்று நினைத்துவிட்டார்.

கொஞ்ச மாதம் ராஜயோகம்தான். பாலம் அகலமாயிற்று, சோலார் விளக்கு வந்தது, பஸ்ஸே வரப்போகிறது என்றார்கள். தைப்பூசத்துக்கு ஜீப் பறந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், லீவுமில்லை ஒன்றுமில்லை, டெல்லியில் யாரோ ஒருவர் நாட்டிலுள்ள சிறுபாலங்களை எல்லாம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கடுக்காப்பட்டு பாலம் ஒரு தூண்கூட மிச்சம் வைக்காமல் முழுசாகப் போனது. வெள்ளிமலையில் ரிப்பேர் செய்த மிக்சியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போது அதன்மேல் நடந்துவந்துகொண்டிருந்தவன் சடையன்.

தைலம்மாள் ஓடிவந்து ஊராட்சிக் கல்லின் விளிம்பில் நின்று கத்தினாள். ஓடை கீழே ஓடிக்கொண்டிருந்தது. அந்தரத்திலிருந்து பதில் வந்தது.

"இன்னாடி கத்தற? வந்துகினுதானே கீறேன்."

"யோவ், நீ எங்க கீற?"

"பாலத்துமேலதான். நடக்கறேன் நடக்கறேன், கரையே வர்ல."

"பாலத்த காணோம்யா!"

"உனுக்குக் கண்ணு தெரில. போய் உலைய வையி, பசிக்குது."

ஆய்வில் இருக்கும் பாலத்துக்குக் கரை கிடையாது என்பது பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. சடையனுக்கு அது எப்போதும் அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பசி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தோளில் மிக்சி கனத்தபடியே இருந்தது. தைலம்மாள் முதல் வாரம் முழுவதும் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சோற்றைப் பிசைந்து அவன் குரல் வருகிற பக்கம் வீசினாள், மீன்கள் தின்றன. மகள் வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள், வீட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எப்படி என்று தைலம்மாளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு பேருக்கு வடித்து மறுநாள் பழையதாகத் தின்றாள். அவன் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

ஆனால் ஊராட்சி நிற்குமா? தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்தது, தெருவிளக்கு போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓடைக்கரைக்கு ஓடி, "மோட்டார எங்க குடுக்கறது?" என்று அந்தரத்தைப் பார்த்துக் கேட்பாள். சடையனும் உத்தரவு கொடுப்பான். சிக்கல் என்னவென்றால் அவன் உத்தரவெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை நிலவரப்படி இருக்கும். செத்துப்போன மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்வான். மழை கொட்டுகையில் ஓடையில் இறங்கிப் போய்வரச் சொல்வான். ஒரு ஐப்பசி மாதம் ஊரே காய்ச்சலில் கிடந்தது, ஓடை கரைபுரண்டது, நர்சைக் கூட்டிவருவதா வேண்டாமா என்று கேட்கப் போனவளிடம், முதலில் வெள்ளிமலை ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றான் சடையன். அவள் நேரே ஊருக்குள் திரும்பினாள். ஆட்களைத் திரட்டி, அக்கரைக்குக் கயிறு கட்டி, ஆட்டுக்குட்டி அடைக்கிற பெரிய கூடையில் நர்சை உட்காரவைத்து இழுத்தாள். நர்ஸ் திட்டிக்கொண்டே வந்து எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிறகு தைலம்மாள் ஓடைக்கரைக்குப் பேசப் போனாளே தவிரக் கேட்கப் போகவில்லை. நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். அது தானாகச் சுழன்று ஒரு தடவை சடையன் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு அவள் சொன்னபடி நின்றது.

பாலத்தைத் திரும்பக் கேட்டு அவள் அலையாத இடமில்லை. ஆணையத்துக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் இந்தியில் ஒன்றை அழுத்தச் சொல்லும், இரண்டை அழுத்தச் சொல்லும். ஊராட்சிக் கிளர்க் காசிநாதன் ஒன்பது வரைக்கும் அழுத்திப் பார்த்துவிட்டான். சரி, பாலம் வேண்டாம், இருக்கிற குட்டித் துண்டை நாங்களே புருஷன் நிற்கிற இடம்வரை நீட்டிக்கொள்கிறோம் என்று கள்ளக்குறிச்சிக்குப் போய் டென்னிஸிடம் கேட்டாள். லீவிலும் ஆய்விலும் மறையாமல் நிற்பது அது ஒன்றுதான் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. டென்னிஸ் நல்ல மனிதர், காபி வாங்கிக்கொடுத்தார்.

"நியாயந்தான் மேடம். ஆனா ஊராட்சி தன்னிச்சையா நீட்ட முடியாது. சென்னையில பர்மிஷன் வாங்கணும்."

"வாங்கிக் குடுங்க சார்."

"இப்ப அவங்க பிசியா இருக்காங்க. எல்லா அதிகாரத்தையும் டெல்லியே வெச்சிக்கினா நாங்க இன்னாத்துக்கு, எங்க உரிமைய எங்களுக்குக் குடுன்னு டெல்லியோட சண்ட போட்டுக்கினு இருக்காங்க."

தைலம்மாள் காபியைக் கீழே வைத்தாள். "அதத்தான் சார் நானும் உங்ககிட்ட கேக்கறேன்."

டென்னிஸ் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு இன்னொரு காபி சொன்னார்.

அவள் பர்மிஷன் இல்லாமலே ஆரம்பித்தாள். முதலில் மத்திய அரசின் நூறு நாள் வேலை ஆட்களை வைத்துக் கல் அடுக்கினாள். அடுத்த புத்த பூர்ணிமாவுக்கு அத்தனை கல்லும் போயிற்று, லீவு முடிந்து வந்து ஓடையில் தொப்புத்தொப்பென்று விழுந்தது. எம்.எல்.ஏ. ஒருவர் தன் நிதியில் கொடுத்த சிமெண்ட், மாட்டுப் பொங்கலுக்குக் காணாமல் போனது. கடைசியில் கிராம சபையைக் கூட்டி, வீட்டுக்கு ஒரு பலகைக்கல், வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டாள். ஊர் முணுமுணுத்தது. ஓட்டுப் போட்டதே பெரிசு, கல்லும் தூக்கணுமா என்றது. என்றாலும் சந்தைக்குப் போகாமல் கடுக்காய் மூட்டைகள் மக்கிக்கொண்டிருந்தன, அதனால் தூக்கியது. அப்படி வைத்த கல் மட்டும் வைத்த இடத்தில் நின்றது.

சுலபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கல் கொடுத்தவனுக்கெல்லாம் பாலத்தில் பாத்தியதை வந்துவிட்டது. கோயில் மரியாதையில் தனக்கு முதல் தேங்காய் மூடி கிடைக்கவில்லை என்று தங்கமணி தன் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனான். அதைப் பார்த்து அவன் பங்காளியும் பெயர்த்தான். பன்றி தோட்டத்தில் புகுந்த தகராறில் செவ்வந்தி தன் வீட்டுக் கல்லின்மேலேயே உட்கார்ந்து, எதிரி வீட்டுக்காரர் யாரும் தாண்டக்கூடாது என்றாள். விடியற்காலையில் தைலம்மாள் கதவைத் திறந்தால் திட்டுவதற்கு ஆள் நிற்கும். அவளும் பல் விளக்கிக்கொண்டே திட்டு வாங்குவாள், திருப்பித் திட்டுவாள், கடைசியில் ஒரு கல் திரும்பி வரும். டெல்லிக்குக் கோபித்துக்கொள்ளவே தெரியாது, தங்கமணிக்குத் தெரியும். ஆனால் தங்கமணி வீடு நாலாவது வீடு. போய்ச் சண்டை போட்டுவிட்டு உலை கொதிப்பதற்குள் திரும்பிவிடலாம். இல்லாத பாலத்தை ஆக்கிரமித்துக் கட்டுவதாக ஊராட்சிக்கு மேலிடத்து நோட்டீஸ்கள் வந்தன. பதவியையே பறித்துவிடுவோம் என்றார்கள். பறிக்க வந்தவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று பாலம் எங்கே என்று கேட்டார்கள், பிறகு போய்விட்டார்கள்.

மூன்று மழைக்காலம் போனது. தைலம்மாளுக்கு நெற்றியோரம் நரைத்தது. சடையன் அப்படியே இருந்தான். கல்வரிசை நெருங்க நெருங்க அவன் குரல் தெளிவாயிற்று, பிறகு அவன் பீடி வாசனை வந்தது, பிறகு ஒரு நாள் கல் முடிகிற இடத்தில் அவன் செருப்பின் நுனி தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு கல் போட்டால் கால் வைத்துவிடுவான். எல்லா வீட்டுக் கல்லும் வந்தாயிற்று, தலைவர் வீட்டுக் கல் ஒன்றுதான் பாக்கி. அது அவள் வாசலில் கிடந்தது. ஊர் காத்திருந்தது. தைலம்மாள் கல்லைத் தூக்கவில்லை.

கழுவினாள், மஞ்சள் பூசினாள், நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். சீச்சீ, புருஷனை அந்தரத்தில் நிறுத்திவைத்துப் பதவி சுகம் பார்க்கிறாள் என்று ஊர் பேசியது. அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. ராத்திரியெல்லாம் அவனுக்காக ஏங்கினாள், விடிந்ததும் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். அவன் வந்தால் வெள்ளைச் சட்டையோடு நேரே அதில்தான் உட்காருவான், அவளை அடுப்படியிலிருந்து கூப்பிடுவான், அவளும் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று அவளுக்கே அவளைப் பற்றிப் பயமாக இருந்தது. கடைசியில் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு, காசிநாதனையும் கூட்டிக்கொண்டு, விளிம்புக்குப் போய் அதை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கல்லப் போடுடி. தோளு நோவுது."

"போடறேன். மொதல்ல பேசிக்கலாம். வெளிய வந்தா நாற்காலில யாரு உக்காரது?"

"இதென்னா கேள்வி? நான்தான்."

"அப்ப அங்கியே நில்லு."

காசிநாதன் தொண்டையைக் கனைத்தான். குரூப் ஃபோர் பரீட்சைக்கு வருஷக்கணக்காகப் படித்து, வேலை கிடைக்காவிட்டாலும் அரசியலமைப்பு முழுவதையும் மனப்பாடம் செய்தவன் அவன். பிரச்சினை எல்லா இடத்திலும் இதுதாங்க, பட்டியல் பிரித்துக்கொண்டால் சண்டை வராது என்றான். சரி, பிரி என்றார்கள். ஊராட்சி முழுவதும் தைலம்மாள் பட்டியலில் போனது. ஆடு, பீடி, அவன் தங்கச்சி வீட்டு விசேஷம் ஆகியவை சடையன் பட்டியலில். சமையலும், கொல்லையும், மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் பொதுப்பட்டியல். இரண்டு பேரும் முறை வைத்துக்கொள்ள வேண்டியது. மிக்சி யாருடையது என்பதில் கொஞ்சம் இழுபறி. ஊர் மொத்தமும் கல்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு காசிநாதன் கேட்கக்கூடாததைக் கேட்டான்: எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் ஒன்று திடீரென்று வந்தால் முடிவு யாருடையது?

"எனுது," என்றான் சடையன். "நான் ஆம்பள."

தைலம்மாள் எழுந்து நின்றாள்.

"ஊரே காச்சல்ல கெடந்துச்சே, அது எந்தப் பட்டியல்யா? நர்சம்மாவ கூடைல இழுத்தனே, யாரக் கேட்டு இழுத்தேன்? உன்னத்தான் கேட்டேன். நீ ஆபீஸுக்குச் சொல்லுன்ன." அவள் அழுதுவிட்டாள். அழுகையை மறைக்கவும் இல்லை. "எனக்கு நீ வேணும்யா. ஒவ்வொரு நாளும் வேணும். நாற்காலியும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு கேக்காத, சொல்லத் தெரியாது."

செருப்பு நுனி அசையவில்லை. அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவனுக்கு அது இன்னும் அதே செவ்வாய்க்கிழமைதான், ஆனால் அவள் குரல் அன்று காலையில் கேட்ட குரல் இல்லை என்பதை அவனும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"செரி," என்றான் கடைசியில். "அதையும் நீயே வெச்சிக்க. கல்லப் போடு தைலம்மா."

போட்டாள். சடையன் மிக்சியோடு கல்லில் கால் வைத்து வெளியே வந்தான், வியர்வைகூடக் காயவில்லை. அவள் நரையைத் தொட்டுப் பார்த்தான். அவன் போனபோது அவனைவிட இரண்டு வயது சின்னவளாக இருந்தவள் இப்போது அவனுக்கு ஒரு வயது மூத்தவள். ரேஷன் கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அரிசி போட்டார். கல்வரிசையை அக்கரைவரை நீட்டிக் கொஞ்ச நாளில் முடித்தார்கள். ஆணையத்தின் ஆய்வு இன்னும் நடக்கிறது.

சடையன் வந்த மறுநாள் விடியற்காலையிலேயே தங்கமணி, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திட்டுவதற்காக வந்து கதவைத் தட்டினான். கதவைத் திறந்தவன் சடையன். அவனைப் பார்த்ததும் தங்கமணி பழைய பழக்கத்தில் கும்பிட்டு, தலைவரே என்று ஆரம்பித்தான்.

"உக்காருப்பா," என்றான் சடையன். "தலைவர் உள்ள இருக்காங்க, பல்லு வெளக்கினு வருவாங்க."

சொல்லிவிட்டு அரிசி களையப் போனான். பொதுப்பட்டியலில் அன்று அவன் முறை.